மாமாவுக்குச் சொல்லவில்லை

எங்கள் அப்பா மலை ஏறினார் என்று சொன்னால் ஆக்லாந்தில் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். கோயிலுக்குப் போனால், வாசலுக்கு நேரே கார் நிறுத்த இடம் கிடைக்கும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வருவாரே தவிர, அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வர அவருக்கு மனம் வராது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் எங்களை இழுத்துக்கொண்டு மவுண்ட் ஈடன் ஏறினார், சைக்கிள் ஓடினார், கடலில் வள்ளமும் வலித்தார். எல்லாம் போர்த்துக்கல் நாட்டுக்கு விடுமுறையில் போவதற்கான ஆயத்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பயணத்தைக் கண்டுபிடித்தவர் அம்மா. அந்த வருட ஆரம்பத்தில் அப்பாவின் இரத்தத்தைச் சோதித்த டாக்டர், சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் இனி மாத்திரைதான் என்று சொல்லியிருந்தார். அம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆல்பனியில் தான் வேலை செய்த அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணினியில் தேடி, போர்த்துக்கலின் தென்கரையில் குடும்பங்களுக்கென்றே ஒரு விடுமுறை இருப்பதைக் கண்டுபிடித்தார். கடலோரப் பாறை உச்சிகளில் நடை, பிறகு சைக்கிள், பிறகு கயாக் என்கிற சின்ன வள்ளத்தில் ஏறிக் கடற்குகைகளுக்குள் போய் வருவது. வெயிலுக்குக் குறைவே இல்லை. படங்களில் இருந்த குடும்பங்கள் எல்லாம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் படம் எடுக்கும்போது ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை.

அப்பா உடனே மடங்கவில்லை.

“வெய்யில்தான் வேணுமெண்டால் பிஜி பக்கத்தில கிடக்குதே. என்னத்துக்கு உலகத்தின்ர மற்றக் கரைக்குப் போவான்?”

“பிஜிக்குப் போனால் நீங்கள் கதிரையில படுத்திருந்து தின்னுவியள். இது அசையிற விடுமுறை. அசையாட்டி அங்க சாப்பாடே குடுக்க மாட்டாங்கள்.”

கடைசி வசனம் அம்மாவின் சொந்தக் கற்பனை. ஆனால் அப்பாவை மடக்கியது சாப்பாட்டுப் பயம் அல்ல. “ஆயத்தம் செய்யாமல் போனால் முழங்கால் பிடிச்சுக்கொள்ளும், திட்டம் போட்டுப் பழகோணும்” என்று அம்மா சொன்ன அந்தத் திட்டம் என்ற சொல்தான். அப்பா பென்ரோஸில் சாமான்களைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்தி, எந்தப் பாகத்தைக் கழற்றி எண்ணெய் போடுவது என்று முன்கூட்டியே திட்டம் போடுவதுதான் அவர் வேலை. பழுதான பிறகு திருத்துகிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. அடுத்த வாரமே வேலையிடத்தில் ஒதுக்கிப்போட்ட ஒரு வெள்ளைப் பலகையைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து வரவேற்பறையில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் எங்கள் நான்கு பேரையும் நான்கு இயந்திரங்களாக எழுதி, யார் எந்தக் கிழமை எதில் ஓட வேண்டும் என்று நிறம் நிறமாகக் கோடு போட்டார். எனக்குப் பச்சை. அக்காவுக்கு அவள் வெறுக்கிற மஞ்சள்.

ஆனால் போர்த்துக்கலுக்கு உண்மையான காரணம் வெயிலும் அல்ல, சீனியும் அல்ல. எங்கள் மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை செய்தார். ஊரில் சண்டை நடந்த காலத்தில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு திசையில் புறப்பட்டார்கள். அம்மா கல்யாணம் கட்டி இங்கே வந்தார், மாமா எப்படியெல்லாமோ அலைந்து பிரான்சில் போய்ச் சேர்ந்து, அங்கேயே மாமியைக் கல்யாணம் கட்டினார். அம்மா கடைசியாக நேரில் பார்த்தபோது மாமாவுக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. இப்போது தலைமயிர் ஒழுங்காக இல்லை. நடுவில் நடந்ததை எல்லாம் அம்மா போனில்தான் பார்த்திருக்கிறார்.

இருவரும் நேரில் சந்திக்க ஒரு வாய்ப்பு வந்தது. நான் சொல்லும் காலத்துக்கு இரண்டு வருடம் முன்பு அக்கா பெரியபிள்ளையானாள். எங்கள் ஆட்கள் அதைச் சாமத்தியவீடு என்று பெரிதாகக் கொண்டாடுவார்கள். அதில் தாய்மாமன்தான் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்க்க வேண்டும். மாமன் இல்லாத சாமத்தியவீடு, மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் மாதிரி. மாமா வருவார் என்று அம்மா விருந்தினர் அறைக்குப் புதுத் திரைச்சீலை எல்லாம் வாங்கித் தைத்து வைத்தார்.

மாமா வரவில்லை. அதற்குக் காரணத்தைக் கேட்டால் வெளியாட்கள் சிரிப்பார்கள், எங்கள் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். நாங்கள் விசேஷத்துக்கு அழைப்பதைச் ‘சொல்லுவது’ என்போம். அட்டை அனுப்பினால் போதாது. வீட்டுக்காரர் தன் வாயால் சொல்ல வேண்டும். அப்பா டொரன்டோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் தானே போன் எடுத்து ஒவ்வொருவருக்கும் முறையாகச் சொன்னார். பாரிசுக்கு மட்டும் எடுக்கவில்லை. “தாய்மாமனுக்கு ஆரும் சொல்லுறதோ? அவன் வீட்டுக்காரன் எல்லோ. வந்து மற்றவைக்குச் சொல்ல வேண்டிய ஆளுக்கு நான் சொன்னால் அது அவமரியாதை” என்பது அப்பாவின் கட்சி. “ஊருலகத்துக்கெல்லாம் சொன்ன அத்தானுக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரேல்லை. சொல்லாத வீட்டுக்கு நான் என்னெண்டு போறது?” என்பது மாமாவின் கட்சி. ஒருவர் மதித்ததால் சொல்லவில்லை. மற்றவர் மதிக்கவில்லை என்று நினைத்ததால் வரவில்லை. கடைசியில் அடுத்த தெருவில் இருந்த கோயில்காரர் ஒருவர் இரவல் மாமனாக வந்து நின்று அக்காவின் தலையில் தண்ணீர் வார்த்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அம்மா அந்த விழாப் படங்களை இன்றுவரை சுவரில் மாட்டவில்லை.

அதன் பிறகு அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு இல்லை. அம்மா பேசுவதை அப்பா தடுக்கவில்லை. பாரிசிலிருந்து போன் வந்தால், அவர் வேலி மரம் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். மாமா அடிக்கடி போன் எடுக்கிறவர். எங்கள் வேலி தெருவிலேயே மிகக் குட்டையான வேலியாக இருந்தது.

இப்படியிருக்க, ஒரு நாள் அம்மா வேலையால் வந்து, காரை விட்டு இறங்காமல் நெடுநேரம் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போன அக்கா அதைக் கேட்டுவிட்டாள். “அவர் பிரான்சுக்கு எண்டால் ஒருக்காலும் வரார். நீ போர்த்துக்கலுக்கு வா. ஒரே ஹோட்டலில நில். தற்செயலாக் கண்ட மாதிரி இருக்கட்டும்.” அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து என்னிடம் சொன்னாள். காலைச் சாப்பாட்டு மேசையில் மாமாவைக் கண்டதும் அம்மா ‘ஐயோ தம்பி, நீயோ!’ என்று கத்துவாராம். அப்பாவுக்கு முகத்தை முறிக்க முடியாமல் போய்விடுமாம். இதுதான் திட்டம்.

“அம்மாவுக்கு நடிக்கவே வராது” என்று அக்கா ஆங்கிலத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி வளர்ந்த பிள்ளைகள். அப்போதைய பேச்சையெல்லாம் இப்போது நான் தமிழில் எழுதுவது பிற்காலத்தில் வந்த ஞானம்.

எனக்குப் புல்லரித்தது. மாமாவைப் பார்க்கும் ஆசையை விட, இரகசியம் ஒன்று கையில் கிடைத்த சந்தோஷம் பெரிது. அப்பாவுக்குத் தெரிந்தால் பயணம் போச்சு, அம்மாவுக்குத் தம்பியும் போச்சு. அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. ஆகவே அப்பா என்ன சொன்னாலும் உற்சாகமாகத் தலையாட்டினேன். மவுண்ட் ஈடனில் அவர் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், ஓடிப் போய்த் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். அவரோ முழங்காலைத் தடவியபடி, “முதல் ஓட்டத்தில இயந்திரம் கொஞ்சம் சத்தம் போடும், அது பிழையில்லை” என்பார். அம்மா சல்வார் கமீசுக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடியதை எங்கள் ஆட்கள் யாரோ பார்த்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் காரை விற்றுவிட்டார்களாம் என்று கோயிலில் ஒரு கதை ஓடியது. அப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று இன்னொரு கதை. யாரோ ஒரு அன்ரி பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து தந்தார். பயணம் போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருந்ததால், அப்பா எல்லா அனுதாபத்தையும் பாகற்காய்ச் சாற்றோடு சேர்த்து விழுங்கினார்.

ஆகஸ்ட் மாதம் வள்ளத்துக்கு வந்தோம். நகரத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் கயாக் வாடகைக்குக் கொடுத்தார்கள். வானம் சாம்பல் நிறம், தண்ணீர் பனிக்கட்டி. ஒரு வள்ளத்தில் இரண்டு பேர் இருக்கலாம். அக்காவும் நானும் ஒன்றில் ஏறி எப்படியோ நேராகப் போய்விட்டோம். அம்மா முன்னுக்கும் அப்பா பின்னுக்குமாக ஏறிய வள்ளம் ஒரே இடத்தில் வட்டம் போட்டது.

“இடப்பக்கம்! இடப்பக்கம் வலி! இப்ப வலப்பக்கம்!”

“நீங்கள் பின்னால இருந்து கட்டளை போட்டால் வள்ளம் போகுமே? துடுப்பைத் தண்ணிக்குள்ள வையுங்கோ!”

அப்பா தண்ணீருக்குள் துடுப்பை வைத்தார். கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டார் போலிருக்கிறது, வள்ளம் கவிழ்ந்தது. அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புச் சட்டையோடு இரண்டு கையையும் தூக்கி, ‘ஹெல்ப், ஹெல்ப்’ என்று கடற்கரை முழுக்கக் கேட்கக் கத்தினார். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டார். தண்ணீர் அம்மாவின் முழங்காலுக்குத்தான் வந்தது.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். நின்று சிரித்தார், பிறகு முடியாமல் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். குளிரில் பல் கிடுகிடுக்க, பின்னல் அவிழ்ந்து முகத்தில் ஒட்ட, சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. எங்கள் அம்மா அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அன்று நான் அம்மாவை அவ்வளவு விரும்பினேன். அப்பாவும் எழுந்து நின்று, வெட்கப்பட்டபடி, தாடியிலிருந்து தண்ணீர் வடிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் துவாயைச் சுற்றிக்கொண்டு இருந்தபோது, அம்மா உடுப்பு மாற்றப் போன நேரம் பார்த்து என்னிடம் சொன்னார்:

“உன்ர கொம்மா இப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் காணேல்லையடி.”

நான் தலையாட்டினேன். போர்த்துக்கலில் இன்னும் நன்றாகச் சிரிப்பார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இரகசியம் உடைந்தது எங்களால் அல்ல. உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் எங்கள் ஆட்களிடம் ஒரு கதை பாரிசில் புறப்பட்டால் டொரன்டோவில் தேநீர் குடித்துவிட்டு ஆக்லாந்துக்கு வந்துவிடும். விமானத்துக்குத்தான் நேரம் எடுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து, தட்டில் சோறு வாங்கிக்கொண்டு நின்றபோது, அக்காவுக்கு இரவல் மாமனாக நின்ற அதே மனிதர் அப்பாவிடம் வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மாமாவோடு அதே குசினியில் வேலை செய்கிறாராம்.

“கேள்விப்பட்டன். நீங்களும் மச்சானும் போர்த்துக்கலில ஒரே ஹோட்டலில நிக்கிறியளாம். கோபம் தீர்ந்து ராசியானது நல்ல சந்தோசம் அண்ணை. எனக்கும் மனசில ஒரு குறை இருந்தது.”

அம்மாவின் கையில் இருந்த தட்டு சாய்ந்து ரசம் தரையில் ஒழுகியது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அப்பா வாயில் இருந்த சோற்றை மென்று முடித்தார்.

“ஓம். போறம்” என்றார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் வழியில் சிக்னல்களைத் திட்டவில்லை, முன்னால் போன பஸ்ஸைத் திட்டவில்லை. அப்பா திட்டாமல் கார் ஓட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மாவே தொடங்கினார். “நான்தான் அவனை வரச் சொன்னனான். அவனில பிழை இல்லை.”

“தற்செயலாக் கண்ட மாதிரியோ?”

“ஓம்.”

“நீ நடிச்சு, நான் அதை நம்புறதோ?”

அக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது, இருமுவதுபோல் சமாளித்தாள். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. குரல் ஏறியது.

“என்ர பிள்ளையளின்ர தாய்மாமன் களவாக வாறதோ? ஹோட்டலில ஒளிச்சு நிண்டு, களவாகவோ வாறது? அப்பிடி ஒருத்தனும் என்ர பயணத்துக்கு வரத் தேவையில்லை!”

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது கட்டிலின் விளிம்பில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இருவத்தி நாலு மணித்தியாலம் பறந்து போய் வெய்யில் காயிறதுக்கு எனக்கு என்ன விசரே? அவனைக் காணத்தானே பிள்ளை” என்றார். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்வதாக அவர் நினைக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அழுகை வந்தது. அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவருடைய தண்ணீர்ப் போத்தலை இனி நான் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம். சனிக்கிழமை யாரும் மலைக்குப் போகவில்லை. சைக்கிள்கள் கராஜில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்பா வேலையால் வந்து வெள்ளைப் பலகைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். எந்த நேரமும் அழித்துவிடுவார் என்று பயந்து அழிப்பானை எடுத்து நான் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவர் அதைத் தேடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறையிலிருந்து அப்பா சாமிப்பாட்டை முணுமுணுத்தபடி வெளியே வந்தார். பிறகு அறைக்குள் போய் வேட்டி கட்டினார். பட்டு வேட்டி. அக்காவின் சாமத்தியவீட்டுக்குக் கட்டியது. தோளில் சால்வை, நெற்றியில் திருநீறும் சந்தனமும். குளிரில் கையில் மயிர் சிலிர்த்திருந்தது, ஆனாலும் சட்டை போடவில்லை. குசினிக்கு வந்து, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். அதில் வெற்றிலை இருந்தது. முதல் நாள் சன்ட்ரிங்ஹாம் பக்கத்து இந்தியக் கடையில் வாங்கி, யாரும் பார்க்காமல் கீரைக்கு அடியில் வைத்திருக்கிறார். விசேஷங்களுக்கு எடுக்கும் பித்தளைத் தட்டைக் கழுவித் துடைத்து, வெற்றிலையை விரித்து, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் அடுக்கினார். அம்மா அடுப்படியில் நின்று பார்த்தார். கோபித்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்திருப்பார்.

“உன்ர தம்பிக்குப் போன் எடு. வீடியோவில எடு” என்றார் அப்பா.

“என்னத்துக்கு? அவனோட சண்டை பிடிக்கவோ?”

“எடு எண்டு சொல்லுறன். நேரம் போகுது. பிறகு அங்க படுத்திடுவான்.”

இரண்டு ஊர்க் கணக்கிலும் இராகுகாலம் இல்லாத நேரமாகப் பார்த்து வைத்திருந்தாராம். இயந்திரத்தை நிறுத்த நேரம் குறிக்கிறவர் அல்லவா. அம்மா போனை அழுத்தி அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் அதை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் அக்காவின் கைக்கு அடியில் புகுந்து நின்றேன்.

அங்கே இன்னும் சனிக்கிழமை முடியவில்லை. மாமா வேலையால் வந்து பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. திரையில் பட்டு வேட்டியோடும் சால்வையோடும் அப்பாவைக் கண்டதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. எழுந்து நின்றுவிட்டார் போலிருக்கிறது, படம் ஆடியது.

“அத்தான்... ஆருக்கும் ஏதும்...?”

நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்தால் எங்கள் ஆட்களுக்கு முதலில் வரும் எண்ணம் அதுதான்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எல்லாரும் சுகம். உங்களுக்குச் சொல்ல வந்தனாங்கள்” என்றார் அப்பா.

அத்தனை நாளும் ‘அவன்’ என்று சொன்னவர் அன்று ‘உங்களுக்கு’ என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடமாக்கி வைத்ததை ஒப்பிப்பதுபோல் தொடர்ந்தார்.

“வாற மாசம் நாங்கள் குடும்பமாப் போர்த்துக்கலுக்குப் போறம். நடை இருக்கு, சைக்கிள் இருக்கு, மூண்டாம் நாள் காலமை வள்ளம் இருக்கு. நீங்களும் தங்கச்சியும் முதல் நாளே வந்து, முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் நடத்தித் தரோணும்.”

சொல்லிவிட்டு, பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, போனுக்கு முன்னால் நீட்டினார்.

கல்யாண வீட்டுக்குச் சொல்லும் வார்த்தை அது. மாமியைத் தங்கச்சி என்றதும் அந்த முறைதான். முன்னுக்கு நின்று நடத்தித் தருவதற்குக் கயாக்கில் என்ன இருக்கிறது? போன் எப்படி வெற்றிலை எடுக்கும்? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவும் சிரிப்பாள் என்று அண்ணாந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை ஆடாமல் பிடித்திருந்தாள்.

திரையில் மாமாவைக் காணவில்லை. ஒரு வெள்ளைக் கூரையும் அதன் நடுவில் ஒரு மின்குமிழும் மட்டும் தெரிந்தன. சத்தமும் இல்லை. படம் நின்றுவிட்டது, லைன் போய்விட்டது, வைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள் என்று நான் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எட்டி அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனேன். அக்கா முழங்கையால் என்னைத் தள்ளினாள். அப்பா குனிந்தது குனிந்தபடி, நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுக்காமல், யாரோ வாங்கிக்கொள்ள வருவார்கள் என்பதுபோல் அந்தக் கூரைக்கு முன்னால் நின்றார். அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கூரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. சளி பிடித்த குரல்.

“வாறம் அத்தான். கட்டாயம் வாறம்.” மூக்கைச் சிந்தும் சத்தம். “எனக்கு நீந்தத் தெரியாது.”

“இஞ்ச ஆருக்குத் தெரியும்? சட்டை தருவாங்கள்” என்றார் அப்பா. அவருக்கும் சளி பிடித்திருந்தது.

அப்போதும் படம் வரவில்லை. மின்குமிழ் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய மனிதர் தான் அழுவதை அத்தானுக்குக் காட்டாமல் இருக்கப் போனை மேசையில் மல்லாத்தி வைப்பார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? குரல் வருகிறது, படம் வரவில்லை, ஆகவே மாமாவின் போன் பழுது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். பாவம், குசினி வேலையில் நல்ல போன் வாங்க முடியவில்லையாக்கும். போர்த்துக்கல் போகும்போது மாமாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

அம்மா குழாயை மூடிவிட்டு என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“ஓமடி குஞ்சு, வாங்குவம்” என்றார்.